ஏழு மாநிலமும் தெரியுமாம்

புதன், இரவு

எல்லாம் பக்கத்து வீட்டுத் தோட்டத்துப் பறவைக் கூட்டில் ஆரம்பித்தது. சிவப்புப் பெட்டி, கறுப்புக் கூரை, கூரை மேல் வெள்ளை எழுத்தில் 'சீ ராக் சிட்டி', அதாவது ராக் சிட்டியைப் பாருங்கள். ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு வடக்கே இந்தக் கம்மிங்குக்குக் குடிவந்த நாளிலிருந்து அதைப் பார்க்கிறேன். ஏதோ அலங்காரம் என்று விட்டுவிட்டேன். சின்னவனுக்கு ஏழு வயது, கண்ணில் படுகிற எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பருவம். போன வாரம் அதையும் வாசித்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இலை வாரிக்கொண்டிருந்த பெரியவரிடமே போய்க் கேட்டுவிட்டான். ராக் சிட்டி என்று மலை உச்சியில் ஒரு பாறைத் தோட்டம் இருக்கிறது, அதன் விளிம்பில் நின்றால் ஒரே சமயத்தில் ஏழு மாநிலங்கள் தெரியும் என்றாராம் அவர். மூத்தவளுக்குப் பன்னிரண்டு. "ஏழா? சான்ஸே இல்லை" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. சரி, போய்ப் பார்த்துவிடுவோம் என்று நாளைக்குக் கிளம்புகிறோம்.

நாளை வியாழக்கிழமை. அதுதான் என் மாமியாருக்குப் பிரச்சினை. தென்காசியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்பது அவருக்கு இன்னும் செரிக்கவில்லை. ஊருக்குப் போன் பேசும்போது "பிள்ளைய ஸ்கூலுக்குப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னைப் பார்ப்பார். பிள்ளைகள் அந்த நேரம் பக்கத்து அறையில் கத்திக்கொண்டிருக்கும். இன்று சாப்பிடும்போது நேராகவே கேட்டுவிட்டார்: "வேலை நாள்ல பிள்ளையளக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்துனா இங்க போலீஸ் பிடிக்காதா?"

பிடிக்காது அத்தை என்று சட்டத்தை எடுத்துச் சொன்னேன். செப்டம்பர் 1-க்குள் மாநிலக் கல்வித் துறைக்கு ஓர் அறிவிப்பு அனுப்பிவிட வேண்டும். வருஷத்துக்கு 180 நாள், நாளுக்கு நாலரை மணி நேரம் பாடம். வாசிப்பு, மொழி, கணக்கு, சமூகவியல், அறிவியல் ஐந்தும் கட்டாயம். மூன்றாம் வகுப்பு முடிவிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு தேர்வு; அதன் மதிப்பெண்ணை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, வீட்டில் பத்திரமாக வைத்திருந்தால் போதும். எந்த மேசையில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்போ நாளைக்கு அந்த நாலரை மணி நேரம் என்ன பாடம்?"

மாட்டிக்கொண்டேன். இப்போது பாத்திரம் கழுவி முடித்து, புளிக்காய்ச்சலையும் இறக்கி வைத்துவிட்டு, பாறை வகைகள் பற்றி ஆளுக்கொரு ஒர்க்ஷீட் எழுதிக்கொண்டிருக்கிறேன். மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை, படம் வரைய ஒரு கட்டம். கணவருக்கு நாளை முழுக்க மீட்டிங், அவர் வரவில்லை.

வியாழன், இரவு

டால்டனைத் தாண்டும்போதுதான் நினைவு வந்தது. ஒர்க்ஷீட் இரண்டும் சாப்பாட்டு மேசையில். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், தண்ணீர், அத்தைக்கு இரண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லா எல்லாம் வண்டியில் இருக்கிறது. பாடத்தைத் தவிர. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் கால்ஹூன் பக்கம் நியூ எக்கோட்டா என்று ஒரு பழுப்புப் பலகை வந்தது. செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் தலைநகரமாக 1825 முதல் இருந்த ஊர். நிறுத்த நேரம் இல்லை என்றாலும் கதையை மட்டும் சொன்னேன். செக்வோயா என்ற மனிதருக்கு வேறு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் உட்கார்ந்து தன் மொழிக்கு ஓர் எழுத்து முறையையே செய்து முடித்தார், 1821 வாக்கில். அசைக்கு ஓர் எழுத்து. கட்டம் போட்டு அடுக்கினால் நம் உயிர்மெய் வரிசை மாதிரியே வரும். ஆனால் க, கா, கி போல ஒன்றின் சாயல் இன்னொன்றில் இருக்காது, ஒவ்வொன்றும் தனி உருவம். மொத்தம் எத்தனை என்று பின்சீட்டிலிருந்து கேள்வி. 85 என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எனக்கு மட்டும் 247-ஆ?" என்றான் சின்னவன். அந்த மக்களை 1838-ல் இந்த மண்ணிலிருந்தே விரட்டிய கதையை மூத்தவளுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நியூ எக்கோட்டாவுக்கு இன்னொரு நாள் போவோம்.

சாட்டனூகா ஊரைத் தொட்டு, செயின்ட் எல்மோ வழியாக லுக்கவுட் மலை ஏறினோம். மலை ஒன்றுதான், ஏறுகிற வழியிலேயே மாநிலம் இரண்டு: அடிவாரம் டென்னசி, ராக் சிட்டி இருக்கிற மேல்பகுதி மறுபடியும் ஜார்ஜியா. அக்டோபர் கடைசி வாரம், வளைவுக்கு வளைவு நிறம். ஹிக்கரி மரங்கள் மஞ்சள் பொடியில் முக்கி எடுத்த மாதிரி நிற்கின்றன, நடுவில் மேப்பிள் குங்குமமாக. அத்தை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். "இவ்வளவும் கொட்டிருமா?" கொட்டிவிடும் ஆச்சி என்று மூத்தவள் விளக்கினாள்: இலை பச்சையம் செய்வதை நிறுத்திவிடுகிறது, மஞ்சள் புதிதாக வருவதில்லை, கோடை முழுக்கப் பச்சைக்கு அடியில் இருந்ததுதான் இப்போது வெளியே தெரிகிறது, சிவப்பை மட்டும் பல மரங்கள் இப்போதுதான் தயார் செய்கின்றன. அத்தை யோசித்துவிட்டு, "டை போனா நரை தெரியிற மாதிரி" என்றார். இதைவிடச் சுருக்கமாக நான் பாடம் எடுத்ததில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு இப்படி ஓர் இடத்தில் பிள்ளைகள் இருந்தால், ஒன்று காய்ச்சல் என்று பள்ளிக்கு மட்டம் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்களை மாதிரி வீட்டுப் பள்ளி. டிக்கெட் வரிசையில் முன்னால் ஓர் அம்மா, நாலு பிள்ளைகள், ஆளுக்கொரு நோட்டு. பின்னால் இன்னொரு குடும்பம், மூன்று. முன்னால் நின்ற அம்மா நாங்கள் எந்தக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறோம் என்று விசாரித்தார், நான் அவருடைய இலக்கணப் புத்தகத்தை விசாரித்தேன். அத்தைக்கு இங்கிலீஷ் ஓரளவு புரியும். உள்ளே போனதும் என்னிடம், "இந்த ஏழு பிள்ளையளும் ஸ்கூலுக்குப் போகலியா?" என்றார். ஆமாம் அத்தை. "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் தெரியவில்லை.

இந்த இடத்தின் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. கார்னெட் கார்ட்டர், ஃப்ரீடா என்ற தம்பதி. கணவர் வியாபாரி, குட்டி கோல்ஃப் விளையாட்டை அமெரிக்கா முழுக்க விற்றவர். மனைவிக்குச் செடி கொடியும் தேவதைக் கதையும் உயிர். இந்தப் பாறைகளுக்கு நடுவே தடம் தேடி நடந்து, நூல் கட்டிக்கொண்டே போய் வழியைக் குறித்தவர் ஃப்ரீடாதான். காட்டுச் செடிகளைக் கொண்டுவந்து நட்டவரும் அவரே. 1932 மே மாதம், ஊரெல்லாம் பஞ்சத்தில் இருந்தபோது, பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மலை மேல் யார் வருவார்கள்? அதற்குக் கணவர் ஒரு வழி கண்டார். கிளார்க் பையர்ஸ் என்ற பெயிண்டரை அனுப்பி, நெடுஞ்சாலையோரப் பண்ணைக் கொட்டகைகளின் கூரையில் விளம்பரம் எழுத வைத்தார். கொட்டகைக்கு இலவசமாகப் பெயிண்ட் அடித்துக் கொடுப்போம், பதிலுக்குக் கூரையில் எங்கள் பெயர். 19 மாநிலங்களில் சுமார் 900 கொட்டகைகள். பக்கத்து வீட்டுப் பறவைக் கூடு அந்தக் கொட்டகையின் குட்டிதான். "நம்ம ஊர்ல வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்துட்டு சிமெண்ட் விளம்பரம் எழுதுவாம்லா, அதேதான்" என்றார் அத்தை.

நடைபாதை ஒருவழிதான், ஒரு மைலுக்கும் குறைவு. ஆனால் முக்கால்வாசி பாறைகளுக்கு நடுவே நெளிந்து போவதால் தூரம் தெரிவதில்லை. மலையின் தலைப்பாகை மணற்பாறை, அடியில் சுண்ணாம்புப் பாறை. மணற்பாறையில் விழுந்த வெடிப்புகள் காலப்போக்கில் அகன்று சந்துகளாகிவிட்டன. 1823-லேயே இங்கே வந்த ஒரு பாதிரியார் தெருவும் சந்தும் உள்ள பாறைக் கோட்டை என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ராக் சிட்டி என்ற பெயருக்குப் பொருத்தமான வர்ணனைதான். (ஒர்க்ஷீட் இருந்திருந்தால் இதற்கு ஒரு பக்கம் இருந்தது.) சின்னவனுக்குப் பாறையைவிடக் காலடியில் கிடந்த இலைதான் முக்கியம். டியூலிப் பாப்லர் இலை ஒன்றை எடுத்துவந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினான். மஞ்சள், உள்ளங்கை அகலம், நாலு மூலை. நுனி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ கத்தரிக்கோலால் நறுக்கியது போல உள்வாங்கி இருந்தது. "இது கிழிஞ்சதா?" இன்னொன்றைத் தேடினோம், அதுவும் அப்படியே. பத்து இலை பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டான்.

வெள்ளை மான்களைத் தாண்டினால் தொங்கு பாலம், கிட்டத்தட்ட 180 அடி. கால் வைத்ததும் சின்னவன் திரும்பி ஆச்சியின் சேலையைப் பிடித்துக்கொண்டான். பக்கத்திலேயே கல் பாலம் ஒன்று உண்டு, இரண்டு பேரும் அதில் போனார்கள். நானும் மூத்தவளும் ஆடிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது அவர்கள் எங்களுக்கு முன்னால் அங்கே நின்று கையாட்டினார்கள்.

அப்புறம் அந்தப் பாறை. லவர்ஸ் லீப். மேலே வரிசையாக ஏழு கொடிகள்: டென்னசி, கென்டக்கி, வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா. கீழே சாட்டனூகா பள்ளத்தாக்கு முழுக்க ஆரஞ்சும் பழுப்பும், நடுவில் நெடுஞ்சாலை கோடு கிழித்த மாதிரி. கிழக்கே மலை வரிசைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக நீலம் வெளிறிக்கொண்டே போய், கடைசி வரிசை மலையா மேகமா என்று சொல்ல முடியவில்லை. பக்கத்தில் பாறை விளிம்பிலிருந்து அருவி விழுகிறது, 90 அடி. குற்றாலத்துக்காரரிடம் அருவியைக் காட்டக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "குளிக்க விட மாட்டாகளா?" விட மாட்டார்கள் அத்தை. "அப்புறம் எதுக்கு?"

மூத்தவள் அருவி பக்கமே திரும்பவில்லை. கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு இருபது நிமிஷம் கிழக்கே பார்த்தபடி நின்றாள். எத்தனை தெரிகிறது என்று கேட்டேன். "நிறம் தெரியுது. கோடு எங்க தெரியுது? எது எந்த மாநிலம்னு எப்படிச் சொல்றது?" சரியான கேள்வி. பக்கத்தில் நின்ற ஒருவர் தன் பையனுக்குக் கையை நீட்டி, அதோ வர்ஜீனியா என்று காட்டிக்கொண்டிருந்தார். இவள் அந்த விரலைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று கண்ணால் சொன்னேன். நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டாள்: பாறையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1700 அடி.

அதற்குப் பிறகு ஃபேட் மேன்ஸ் ஸ்குவீஸ், குண்டு மனிதரைப் பிழிகிற சந்து. இரண்டு பாறைச் சுவர், நடுவில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் போக முடியும். முன்னால் போன ஒருவர் பையைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். அத்தை தயங்குவார் என்று நினைத்தேன். "திருவண்ணாமலையில இடுக்குப் பிள்ளையார் கோயிலுக்குள்ளேயே நுழைஞ்சு வந்தவ நான்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். கிரிவலப் பாதையில் அந்தச் சின்னக் கோயிலுக்குள் படுத்துத் தவழ்ந்து வெளியே வந்தவர்களுக்கு இது ராஜபாட்டைதான். சிக்கிக்கொண்டது நான். ஜாக்கெட் பையில் அடைத்திருந்த சின்னவனின் இலைகள் மொறமொறவென்று நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது.

கடைசியில் ஃபேரிலேண்ட் குகை. புற ஊதா விளக்கில் ஒளிரும் குள்ளர் பொம்மைகள், தேவதைக் கதைக் காட்சிகள். சின்னவன் வாயைப் பிளந்து பார்த்தான். எனக்கு ஒட்டவில்லை, வெளியே மூன்று மணி வெயில் இலை மேல் விழும்போது உள்ளே இருட்டில் பொம்மை பார்ப்பது ஏனோ மனசுக்கு வரவில்லை. ஆனால் அவனுடைய வெள்ளைச் சட்டை அந்த விளக்கில் பளீரென்று நீலமாக எரிந்ததும், அது ஏன் என்ற கேள்வியும் இன்றைய கணக்கில் சேர்ந்தன. சோப்புத் தூளில் போடுகிற சாயம்தான் காரணம் என்றேன். நீலம் போடுவோமே, அது மாதிரியா என்றார் அத்தை. கிட்டத்தட்ட.

வண்டி நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்து வைத்துப் புளியோதரை சாப்பிட்டோம். மணி மூன்றரை. பதினொன்றிலிருந்து மூன்றரை, நாலரை மணி நேரம். இதைச் சொன்னது நான் இல்லை, அத்தைதான் விரல்விட்டு எண்ணினார்.

வெள்ளி, மாலை

காலையில் எழுந்து வந்தால் மூத்தவள் மேசையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாள். என் ஒர்க்ஷீட்டைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் ஒரு பெரிய வட்டம். வட்டத்துக்கு மேல் ஒரு குச்சி மனிதன்.

போன மாதம்தான் பிதாகரஸ் முடித்திருந்தோம். அப்போது சுவரில் சாய்த்த ஏணிக்கு மேல் அதற்கு உபயோகம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. இப்போது தானாகவே வரைந்திருக்கிறாள்: பூமியின் மையத்திலிருந்து அடிவானம் வரை ஒரு பக்கம், அங்கிருந்து கண் வரை இன்னொரு பக்கம், மையத்திலிருந்து கண் வரை கர்ணம். பூமியின் ஆரம் 3959 மைல். 1700 அடி என்பது 0.322 மைல். இரண்டு தடவை ஆரம், அதை உயரத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 50.5 மைல். அந்தப் பாறையில் நின்றால் அடிவானம் அவ்வளவு தூரத்தில். பள்ளத்தாக்கே கடல் மட்டத்துக்கு மேல் அறுநூற்றுச் சொச்சம் அடியில் இருப்பதால் இது தாராளக் கணக்குதான்.

"ஐம்பது மைலுக்குள்ள எல்லாம் பாஸ், மிச்சம் ஃபெயில்" என்று தீர்ப்பு எழுதப் போனாள். அப்போதுதான் அத்தை, காபியை ஆற்றிக்கொண்டே, யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார்: "திருநெல்வேலியிலேருந்து பஸ்ல வரும்போது ஆலங்குளம் பக்கமே மலை தெரிஞ்சிரும். தென்காசி தெரியாது. ஊர் வரதுக்கு ரொம்ப முன்னாடியே மலை வந்துரும்."

மூத்தவள் பென்சிலைக் கீழே வைத்தாள். அந்தப் பக்கத்து மலைக்கும் ஓர் உயரம் இருக்கிறதே! அதன் அடிவானத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். வட்டத்தின் இன்னொரு பக்கம் இன்னொரு குச்சி மனிதன் முளைத்தான்.

அதற்குப் பிறகு மதியம் வரை வரைபடமும் ஸ்கேலும்தான். ஜார்ஜியா காலுக்கு அடியிலேயே, டென்னசி கண்ணுக்கு எதிரே. அலபாமா எல்லை 15 மைல், நடுவில் எதுவும் மறைக்காவிட்டால் பாஸ். வட கரோலினா எல்லை 60 மைல் சுமார், ஆனால் அங்கே நாலாயிரம் அடிக்கு மேல் மலைகள் இருப்பதால் தாராளமாகப் பாஸ். தென் கரோலினாவின் உயரமான இடம் சாசஃப்ராஸ் மலை, 3553 அடி. இரண்டு அடிவானமும் சேர்த்து 123 மைல் வருகிறது, மலையோ 145 மைல் தள்ளி. கென்டக்கி எல்லை 110 மைலுக்குச் சற்று மேல், நடுவே மேட்டுநிலம் வேறு. வர்ஜீனியாவின் மிகப் பக்கத்து மூலையே 145 மைல். அந்த மாநிலத்தின் மிக உயரமான சிகரம் மவுண்ட் ரோஜர்ஸ், 5729 அடி. அதற்கு 143 மைல் வரை தெரிய உரிமை உண்டு. ஆனால் அது நிற்பது 240 மைலுக்கு அப்பால்.

சின்னவனுக்கு மனசு கேட்கவில்லை. அந்த மலையைத் தூக்கி இந்த மூலையில் வைத்தால் என்ன? "அனுமாரத்தான் கூப்பிடணும்" என்றார் அத்தை. மீட்டிங்குக்கு நடுவே எட்டிப் பார்த்த கணவர், காற்று ஒளியைக் கொஞ்சம் வளைக்கும், அதனால் பார்வை எட்டு சதவீதம் வரை கூடும் என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். மறுபடி கணக்கு. அனுமார் உதவி செய்தால் வர்ஜீனியா தெரியும். இல்லாவிட்டால் மொத்தம் நாலு.

நாலு மணிக்கு இரண்டு பேரும் காகிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் வாருகோலை மரத்தில் சாய்த்துவிட்டு, கண்ணாடியை எடுத்து மாட்டி, பொறுமையாகக் கடைசி வரி வரை படித்தார். ஏதோ சொன்னார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

என்ன சொன்னார் என்று கேட்டேன். கணக்கு சரியாகத்தான் தெரிகிறது என்றாராம். ஆனால் 1962-ல் தன் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததாகவும், அப்பா ஒவ்வொன்றாகக் கை காட்டினார் என்றும், ஏழும் தெரிந்தது என்றும் சொன்னாராம்.

மூத்தவள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். 4-க்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 7 என்று எழுதியாகிவிட்டது. அதற்குப் பின்னால் கேள்விக்குறி போடுவதா வேண்டாமா என்று ஆச்சியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.